பின்னட்டையில் இருக்கும் பெயர்கள்

"ஜாஸ் இசை கேட்கலாமென்று நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?"

இந்தக் கேள்வியை ஜாஸ் இரசிகர் நால்வரிடம் கேட்டுப் பாருங்கள். நால்வரும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'. அடுத்து டேவ் புருபெக்கின் 'டைம் அவுட்'. அடுத்து ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. பட்டியல் பத்தில் நிற்கும். அல்லது நூறில் நிற்கும். கேட்டவர் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொள்வார். இரண்டு மூன்று தொகுப்புகளைக் கேட்பார். "நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். அதோடு சரி!

எங்கள் விடுதியில் ஜாஸ் கேட்கும் தமிழ் மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் அந்தச் சிறு வட்டத்துக்குள்ளும் பரிந்துரைகளுக்குக் குறைவில்லை. அவற்றைக் கவனித்து வந்ததில் எனக்குத் தோன்றிய கருத்து இதுதான்: நாம் ஒருவருக்கொருவர் பட்டியல் கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஒரே ஓர் இசைத்தொகுப்பைக் கொடுப்போம். அதில் வாசித்த அத்தனை பேரின் பெயர்களையும் சேர்த்துக் கொடுப்போம். ஜாஸ் மேதைகளைக் கண்டடையும் வழி அந்தப் பெயர்களில்தான் இருக்கிறது, தரவரிசையில் இல்லை.

இதென்ன பெரிய விஷயம் என்று சிலர் கேட்கலாம். யார் பெயர் நிலைக்கிறது, யார் பெயர் மறைகிறது என்பது ஜாஸின் வரலாற்றில் சிறிய விஷயமே அல்ல. அதை விளக்கவே இக்கட்டுரை.

ஜாஸ் என்றால் என்ன?

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே உருவெடுத்த இசை ஜாஸ். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புளூஸ் பாடல், தேவாலயப் பாடல், ராக்டைம், அணிவகுப்பு வாத்தியம் ஆகியவற்றையெல்லாம் கலந்து உருவாக்கிய கலை அது.

அதன் அமைப்பு நமக்கு அந்நியமானதல்ல. குழுவினர் முதலில் ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு, அந்த மெட்டுக்கு அடித்தளமான சுரக்கூட்டுகளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் தம் கற்பனைக்கு ஏற்ப வாசிப்பார்கள். இறுதியில் மெட்டு திரும்ப வரும். நம் கச்சேரிகளில் 'மனோதர்மம்' என்று எதைச் சொல்கிறோமோ, ஏறத்தாழ அதுதான் இது. இலக்கணம் வேறு, உணர்வு ஒன்று.

தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்தபோது நான் பேண்டு வாத்தியக் குழுவில் இருந்தேன். தாளில் எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிப்போம். யார் வாசித்தாலும் ஒன்றுதான். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் அந்த இடத்தில் நிற்பார். ஜாஸ் அப்படியன்று. அங்கே ஆள் மாறினால் இசையே மாறிவிடும். ஒரே மெட்டை இருவர் வாசித்தால் இரண்டு படைப்புகள் கிடைக்கும். அதனால்தான் ஜாஸில் 'என்ன வாசித்தார்கள்' என்பதைவிட 'யார் வாசித்தார்கள்' என்ற கேள்வி பெரியது. பட்டியலோ அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

ஒரு தொகுப்பு, ஏழு பெயர்கள்

எல்லாரும் பரிந்துரைக்கும் 'கைண்ட் ஆஃப் புளூ' தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். 1959ஆம் ஆண்டு மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில், நியூயார்க்கின் 30ஆவது தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவானது. மொத்தம் ஐந்தே உருப்படிகள். அமெரிக்காவில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சான்றிதழ் பெற்ற தொகுப்பு. பட்டியல்களில் அது முதலிடத்தில் இருப்பதில் வியப்பில்லை. எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் அதை வாசித்தவர்கள் யார்? டிரம்பெட் மைல்ஸ் டேவிஸ். டெனர் சாக்சபோன் ஜான் கோல்ட்ரேன். ஆல்டோ சாக்சபோன் 'கேனன்பால்' என்று அழைக்கப்பட்ட ஜூலியன் ஆடர்லி. பியானோ பில் எவன்ஸ்; ஓர் உருப்படிக்கு மட்டும் விண்டன் கெல்லி. டபுள் பாஸ் பால் சேம்பர்ஸ். டிரம்ஸ் ஜிம்மி காப். ஆக, ஏழு பேர். இவர்களுள் கடைசியாக நம்மிடையே இருந்த ஜிம்மி காப் 2020ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார்.

பழைய இசைத்தட்டுகளின் பின்னட்டையில் இந்தப் பெயர்கள் வாத்தியத்தோடு அச்சாகியிருக்கும். அந்த இசையைப் பற்றி ஒரு சிறு கட்டுரையும் இருக்கும். 'கைண்ட் ஆஃப் புளூ'வின் பின்னட்டைக் கட்டுரையை எழுதியவர் விமர்சகரல்லர். பியானோ வாசித்த பில் எவன்ஸேதான். முன்கூட்டியே ஒத்திகை பார்க்காமல் அந்தக் கணத்தில் பிறக்கும் இசையை, ஜப்பானிய மை ஓவியத்தோடு அவர் அதில் ஒப்பிட்டார். தாளில் தூரிகையை ஒருமுறை வைத்தால் அழிக்கவோ திருத்தவோ முடியாத ஓவியமாம் அது. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கேட்பவருக்கும், படிக்காமல் கேட்பவருக்கும் வேறுபாடு உண்டு.

இன்று நாம் கைப்பேசிச் செயலியில் கேட்கிறோம். முகப்பில் தெரிவது படமும் தலைவர் பெயரும் மட்டுமே. மற்ற ஆறு பேரைக் காண வேண்டுமானால் தேடிப் போக வேண்டும். பின்னட்டை நம் கையை விட்டுப் போன காலத்தில், அந்தப் பின்னட்டையின் வேலையைப் பரிந்துரைக்கும் நண்பர்தான் செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

பால் சேம்பர்ஸ் யார்?

அந்த ஏழு பெயர்களில் பலரும் கவனியாமல் விட்டுவிடும் பெயரைப் பார்ப்போம். பால் சேம்பர்ஸ்.

'கைண்ட் ஆஃப் புளூ'வின் முதல் உருப்படி 'சோ வாட்'. அதைக் கேட்டவர்கள் ஒருமுறை நினைவுபடுத்திப் பாருங்கள். மெதுவான முன்னுரைக்குப் பிறகு மெட்டு வருகிறதே, அதை வாசிப்பது டிரம்பெட்டா? இல்லை. சாக்சபோனா? அதுவும் இல்லை. டபுள் பாஸ்! மற்றவர்கள் இரண்டு சுரக்கூட்டுகளால் அதற்குப் பதில் மட்டுமே சொல்கிறார்கள். வழக்கமாகப் பின்னால் நின்று தாளத்தைத் தாங்கும் வாத்தியம் முன்னால் வந்து பேசுகிறது. முன்னால் நிற்பவர்கள் 'ஆமாம்' போடுகிறார்கள். உலகத்திலேயே அதிகம் கேட்கப்பட்ட ஜாஸ் தொகுப்புகளுள் ஒன்றின் முதல் மெட்டை வாசித்தவர் பால் சேம்பர்ஸ். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

அவர் 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர், டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். அந்தத் தேதியைக் கவனியுங்கள். 'கைண்ட் ஆஃப் புளூ'வின் இரண்டாம் நாள் ஒலிப்பதிவு நடந்தது அவருடைய 24ஆவது பிறந்த நாளில்.

இப்போது அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்ப்போம். 1956இல் வெளிவந்த சோனி ரோலின்ஸின் 'டெனர் மேட்னெஸ்' தொகுப்பில் பாஸ் வாசித்தவர் அவர். 1957இல் பதிவான கோல்ட்ரேனின் 'புளூ டிரெயின்' தொகுப்பிலும் அவர்தான். அதில் டிரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு அப்போது வயது 19! நம் முதலாமாண்டு மாணவர்களின் வயது. 1960இல் வந்த கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' தொகுப்பிலும் அவரே. அந்தத் தொகுப்பில் 'மிஸ்டர் பி.சி.' என்று ஓர் உருப்படி உண்டு. பி.சி. என்பது பால் சேம்பர்ஸின் பெயரெழுத்துகள். தம்மோடு வாசித்த தோழனுக்குக் கோல்ட்ரேன் செய்த மரியாதை அது. அவர் தலைமையேற்று வெளியிட்ட தொகுப்புகளும் உண்டு; 'பாஸ் ஆன் டாப்' என்பது அவற்றுள் ஒன்று.

1969ஆம் ஆண்டு ஜனவரியில் காசநோயால் அவர் இறந்தார். வயது 33.

இந்த ஒருவரைப் பின்தொடர்ந்ததில் மைல்ஸ், கோல்ட்ரேன், ரோலின்ஸ், லீ மார்கன் என நால்வரை அடைந்துவிட்டோம். எல்லாரும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறக்கூடியவர்களே. ஆனால் இவர்களை நாம் தனித்தனிச் சிலைகளாகப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் அறிந்த மனிதர்களாகப் பார்த்தோம். அதுதான் வேறுபாடு.

இதே போல் மற்றப் பெயர்களையும் பிடித்துக்கொண்டு நடக்கலாம். கேனன்பால் ஆடர்லி புளோரிடாவில் பள்ளி இசைக்குழு ஆசிரியராக இருந்தவர். 1955இல் நியூயார்க் வந்து பெயர் பெற்றார். அவருடைய 'சம்திங் எல்ஸ்' (1958) தொகுப்பில், தலைவரான மைல்ஸ் டேவிஸே பக்கவாத்தியக்காரராக வந்து வாசித்தார்! பில் எவன்ஸைத் தொடர்ந்தால், 1961 ஜூன் 25ஆம் நாள் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் அரங்கில் அவருடைய மூவர் குழு வாசித்த வாசிப்பை அடைவோம். அந்தக் குழுவின் பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ, பதினொரே நாளில், 25 வயதில், கார் விபத்தில் இறந்தார். 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்' தொகுப்பின் முதல் உருப்படியும் கடைசி உருப்படியும் அவர் இயற்றியவை. இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது, பின்னணியில் கேட்கும் கண்ணாடிக் கோப்பைகளின் ஓசைகூட வேறு மாதிரி ஒலிக்கிறது.

பட்டியல் மறந்தவர்கள்

பட்டியலை நான் சந்தேகிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யாரை எழுத வேண்டும், யாரை விட வேண்டும் என்பதில் தொடக்கம் முதலே ஜாஸில் ஓர் அநீதி இருந்திருக்கிறது.

1917ஆம் ஆண்டு முதல் ஜாஸ் இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. கறுப்பின மக்கள் உருவாக்கிய இசையின் அந்த முதல் தட்டில் வாசித்தவர்கள் ஒரு வெள்ளையர் குழுவினர்! முதலிடம் என்பது எப்போதும் முதலில் செய்தவருக்குப் போவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெண்களின் நிலை இன்னும் மோசம். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கை அறியாத ஜாஸ் இரசிகர் இல்லை. 1925இலிருந்து அவர் பதிவு செய்த 'ஹாட் ஃபைவ்' தட்டுகள் எல்லாப் பட்டியலிலும் இருக்கின்றன. அவற்றில் பியானோ வாசித்தவர் லில் ஹார்டின். சிகாகோவில் கிங் ஆலிவரின் குழுவில் இரண்டாவது கார்னெட்டாக ஒதுங்கியிருந்த ஆம்ஸ்ட்ராங்கை, "நீங்கள் முன்னால் நிற்க வேண்டியவர்" என்று உந்தித் தள்ளியவர், அவர் மனைவியான இவரே. அந்தக் குழு வாசித்த சில உருப்படிகளை இயற்றியவரும் இவர்தான். பின்னாளில் இருவரும் பிரிந்தார்கள். 1971ஆம் ஆண்டு ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் மறைந்தார். அடுத்த மாதம் சிகாகோவில் நடந்த அவருடைய நினைவு நிகழ்ச்சியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோதே லில் ஹார்டின் சரிந்து விழுந்து இறந்தார். இப்படி ஒரு வாழ்க்கையை எந்தப் பட்டியல் சொல்லும்?

மேரி லூ வில்லியம்ஸ் என்று ஒருவர். 1910இல் பிறந்தவர். ஆண்டி கர்க் குழுவின் பியானோ கலைஞராகவும் இசை அமைப்பாளராகவும் விளங்கியவர். டியூக் எலிங்டன், பென்னி குட்மேன் குழுக்களுக்கும் எழுதிக் கொடுத்தவர். 12 இராசிகளுக்கு 12 பகுதிகளாக 'சோடியாக் சூட்' என்ற படைப்பை 1945இல் தந்தவர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த அவர் வீடு 1940களில் இளங்கலைஞர்கள் கூடும் இடமாக இருந்தது. தெலோனியஸ் மாங்க், பட் பவல், டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகியோரெல்லாம் அங்கே வருவார்கள், வாசிப்பார்கள், ஒருவர் புதிதாக எழுதியதை மற்றவர் கேட்பார். புதிய ஜாஸின் மேதைகள் ஒருவரையொருவர் கண்டுகொண்டது அப்படித்தான். பட்டியல் பார்த்தல்ல; ஓர் அக்காவின் வீட்டுக் கூடத்தில், பியானோவைச் சுற்றி அமர்ந்து.

எலிங்டன் குழுவின் அடையாளப் பாடலான 'டேக் த ஏ டிரெயின்' எலிங்டன் இயற்றியது என்றே பலர் நினைக்கிறார்கள். இயற்றியவர் பில்லி ஸ்டிரேஹார்ன். 1967இல் அவர் மறைந்தபின், அவருடைய படைப்புகளைக் கொண்டே ஒரு தொகுப்பை எலிங்டன் பதிவு செய்தார். தலைவர் மறக்கவில்லை. மறந்தது நாம்தான்.

மேதைகள் பட்ட பாடு

'ஜாஸ் மேதைகள்' என்று சொல்லும்போது மாலையும் மேடையும் நம் மனத்தில் தோன்றுகின்றன. உண்மை வேறு.

'கைண்ட் ஆஃப் புளூ' 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் வெளிவந்தது. அதற்கு எட்டு நாள் கழித்து, தாம் வாசித்துக்கொண்டிருந்த 'பேர்ட்லேண்ட்' இரவு விடுதியின் வாசலில், இடைவேளையில் நின்றிருந்தார் மைல்ஸ் டேவிஸ். அங்கிருந்து நகரச் சொன்ன போலீஸ்காரரிடம், தாம் அங்கேதான் வேலை செய்வதாகக் கூறினார். வாசலில் அவர் பெயர் பொறித்த பலகையே இருந்தது. ஆயினும் அவர் தலையில் அடிபட்டு, சட்டையில் இரத்தத்தோடு கைது செய்யப்பட்டார். அந்தத் தொகுப்பை 'இதமான பின்னணி இசை' என்று பரிந்துரைக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

தெலோனியஸ் மாங்கின் கதையும் அப்படியே. அக்காலத்தில் நியூயார்க்கின் இரவு விடுதிகளில் வாசிக்க நகர நிருவாகத்தின் அனுமதி அட்டை தேவை. ஒரு போதைப்பொருள் வழக்கில் 1951இல் மாங்கின் அட்டை பறிக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறாண்டுகள் தம் சொந்த ஊரின் விடுதிகளில் அவரால் வாசிக்க முடியவில்லை. 1957இல் அட்டை திரும்பக் கிடைத்ததும், 'ஃபைவ் ஸ்பாட்' என்ற சிறு விடுதியில் பல மாதம் வாசித்தார். அப்போது அவரோடு சாக்சபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். அந்தக் கூட்டணியின் பதிவுகள் மிகக் குறைவு என்று இரசிகர்கள் நெடுங்காலம் ஏங்கினார்கள். அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் கார்னகி அரங்கில் இருவரும் வாசித்ததை 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலி பதிவு செய்திருந்தது. அந்த நாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து, 2005ஆம் ஆண்டுதான் கண்டெடுக்கப்பட்டது. 48 ஆண்டுகள்! அதுவரை வெளிவந்த எந்தப் பட்டியலிலும் அந்தத் தொகுப்பு இருந்திருக்க முடியாது. பட்டியல் முடிந்துவிட்டதாக நினைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு அந்த நாடாவே சாட்சி.

நம் பக்கம் வரும் பாதை

"இதில் தமிழுக்கு என்ன?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். ஓர் இசையைக் கேட்பதற்கு அதில் தமிழர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனாலும் பெயர்களைப் பின்தொடரும் பாதை, நாம் எதிர்பாராத விதமாக நம் வீட்டு வாசல் வரை வருகிறது.

மைல்ஸ் டேவிஸிலிருந்தே தொடங்குங்கள். 1969இல் பதிவான அவருடைய 'இன் எ சைலண்ட் வே' தொகுப்பில் கிட்டார் வாசித்தவர் ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயர். அவர் பெயரைத் தொடர்ந்தால் 1970களில் அவர் அமைத்த 'சக்தி' குழு வரும். அக்குழுவின் முதல் தொகுப்பு 1976இல் வெளிவந்தது. வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன், கடம் விக்கு விநாயக்ராம். ஆக, 'கைண்ட் ஆஃப் புளூ'விலிருந்து நம் கடத்துக்கு இரண்டே அடிதான்! 2024இல் கிராமி விருது பெற்ற 'சக்தி' குழுவின் 'திஸ் மொமண்ட்' தொகுப்பில் வாசித்தவர்களுள் ஒருவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ்.

இன்னொரு பாதை. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்தவர் பியானோ கலைஞர் விஜய் ஐயர். 2013இல் மெக்ஆர்தர் விருது பெற்றவர். 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 'தமிழர்' என்ற பெருமிதத்தோடு நாம் அங்கேயே நின்றுவிடலாம். நிற்காமல் அவருடைய 'ஹிஸ்டாரிசிட்டி' (2009) தொகுப்பின் மற்றப் பெயர்களைப் பாருங்கள். டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். அவர் யார்? டிரம்ஸ் கலைஞர் ராய் ஹேய்ன்ஸின் பேரன். ராய் ஹேய்ன்ஸ் யார்? சார்லி பார்க்கரோடு வாசித்தவர். 1958இல் 'ஃபைவ் ஸ்பாட்' விடுதியில் மாங்க் வாசித்த 'மிஸ்டீரியோசோ' தொகுப்பில் டிரம்ஸ் வாசித்தவர். 2024ஆம் ஆண்டு நவம்பரில், 99 வயதில் மறைந்தவர். நம் இனத்துக் கலைஞர் ஒருவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டால், பாட்டன் பேரன் வழியாக மாங்கின் பியானோவுக்கே வந்து சேர்கிறோம். இந்தப் பாதை இருவழிப் பாதை. அதனால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது.

சில மறுப்புகள்

என் கருத்துக்கு மறுப்பு சொல்பவர்கள் உண்டு. "இசை என்பது உணர்வு. பெயரையும் தேதியையும் மனப்பாடம் செய்ய இது எஸ்.பி.எம். வரலாற்றுப் பாடமா?" என்கிறார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. ஆனால் நான் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. 'சோ வாட்' உருப்படியை ஒருமுறை வழக்கம்போல் கேளுங்கள். மறுமுறை பால் சேம்பர்ஸின் விரல்களை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். இரண்டாம் முறை கேட்டது வேறு பாட்டு என்றே தோன்றும். பெயர் தெரிந்தால் காது எங்கே போக வேண்டும் என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

"புதியவருக்குப் பட்டியல்தானே எளிது?" என்பது இன்னொரு மறுப்பு. எளிதுதான். நுழைவாயிலாக அது இருக்கட்டும். ஆனால் 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழி ஜாஸுக்குப் பொருந்தாது. பத்துத் தலைவர்களைக் கேட்டுவிட்டு ஜாஸைக் கேட்டாகிவிட்டது என்று சொல்வது, கோபுரங்களை மட்டும் படம் பிடித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தேன் என்பது போல.

மேலும், இந்தப் பழக்கம் ஜாஸோடு நிற்காது. திரைப்பாடல் ஒன்றைக் கேட்டதும் இசையமைப்பாளர் பெயரும் பாடகர் பெயரும் சொல்லிவிடுகிறோம். நம் மனத்தை உருக்கிய அந்தப் புல்லாங்குழலை ஊதியவர் யார்? கோயில் திருவிழாவில் விடிய விடியத் தவில் வாசித்தவர் பெயர் என்ன? கல்யாண வீட்டு நாதஸ்வரக் கலைஞரிடம் பெயரைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஜாஸின் பின்னட்டையைப் படிக்கப் பழகியவன் இந்தக் கேள்விகளையும் கேட்கத் தொடங்குவான் என்று உறுதியாக நம்புகிறேன்.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையாகாது. என் பரிந்துரை எளிமையானது. மாதத்தில் ஒரு மாலை, விருப்பமுள்ளவர்கள் நம் கழக அறையில் கூடுவோம். ஒருவர் ஓர் இசைத்தொகுப்பைக் கொண்டுவரட்டும். முழுவதையும், இடையில் கைப்பேசியைப் பார்க்காமல், கேட்போம். பழைய தொகுப்பொன்றுக்கு நாற்பது நிமிடம் போதும். இதற்கு இரண்டே விதிகள். முதல் விதி: கொண்டுவருபவர் அதில் வாசித்த அத்தனை பேரின் பெயரையும் வாத்தியத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாவது விதி: அவர்களுள் தலைவரல்லாத ஒருவரைக் கூட்டம் தேர்ந்தெடுக்கும், அடுத்த மாதத் தொகுப்பில் அவர் இருந்தாக வேண்டும். ஓர் ஆண்டில் பன்னிரண்டு தொகுப்புகள். எந்தப் பட்டியலும் நமக்குக் கொடுத்திருக்க முடியாத பன்னிரண்டு!

இவ்விதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களான அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய குறுந்தட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கலாம். தட்டு ஓடாவிட்டாலும் பரவாயில்லை. அதனுள் இருக்கும் சிற்றேட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எங்களிடம் இசை இருக்கிறது, பின்னட்டைதான் இல்லை. அதைக் கொண்டுவந்து தாருங்கள். வந்தமர்ந்து பேசவும் செய்தால் இன்னும் மகிழ்ச்சி.

வள்ளுவர் 'கேள்வி'க்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். கேட்பது செவியின் வேலை மட்டுமல்ல என்பதை நம் மரபு என்றோ அறிந்திருக்கிறது. யாரைக் கேட்கிறோம் என்று அறிந்து கேட்பதே முழுமையான கேள்வி. அடுத்த முறை உங்களிடம் யாராவது "ஜாஸில் எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டால், தயவுசெய்து பத்துப் பெயர் சொல்லாதீர்கள். ஒரு தொகுப்பைக் கொடுத்து, "இதில் பாஸ் வாசிப்பவர் பால் சேம்பர்ஸ். அவரைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள்.